கன்றிப்போன இடத்துக்கு ஐஸா, புளிப்பற்றா, ஒத்தடமா?

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மகன் தொடையில் கார்க் பந்து அடி வாங்கிக்கொண்டு நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தான். முன்தொடையில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. தோல் கிழியவில்லை, ரத்தம் வரவில்லை. தொட்டால் சூடாக இருந்தது, லேசாகத் தடித்திருந்தது. வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர், மூன்று யோசனை. நான் ஃப்ரீசரைத் திறந்தேன். என் அம்மா புளிப்பானையைத் திறந்தார். என் கணவர் தைல பாட்டிலோடு வந்து உட்கார்ந்து, "காலை நல்லா நீட்டுடா, உருவி விட்டா சரியாயிரும்" என்றார்.

மூன்றுமே அவரவர் வளர்ந்த வீட்டில் கண்டு பழகியவை. அன்றைக்கு நாங்கள் செய்யப் போனதில் பாதி சரி, பாதி தப்பு. அதற்குக் காரணம் நாட்டு வைத்தியமா, இங்கிலீஷ் வைத்தியமா என்ற சண்டை இல்லை. அடிபட்டு அரை மணி நேரமான காலுக்குச் செய்ய வேண்டியது வேறு, மூன்று நாளான காலுக்குச் செய்ய வேண்டியது வேறு. 15 வயதுப் பையனின் தொடைக்குச் சரியாக இருப்பது 74 வயது அம்மாவின் கைக்குச் சரிப்படாது. எத்தனை மணி நேரம் ஆச்சு, யாருடைய உடம்பு என்ற இரண்டையும் கேட்டுக்கொள்ளாமல் ஆளுக்கொன்றைச் செய்யப் போனதுதான் எங்கள் தப்பு.

தோலுக்கு அடியில் நடப்பது

ஊமைக்காயம் என்று நம் ஊரில் சொல்வது பொருத்தமான பெயர். அடி விழுந்த இடத்தில் முடியைவிட மெல்லிய ரத்தக்குழாய்கள் அறுந்து, ரத்தம் தோலுக்கு அடியிலும் சதைக்குள்ளும் கசிகிறது. கொஞ்ச நேரத்தில் அது உறைந்து, கசிவு நிற்கிறது. ரத்தக்கட்டு என்று நாம் சொல்வது அதைத்தான். அப்புறம் உடம்பின் துப்புரவு அணுக்கள் அங்கே வந்து, சிந்திய ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கின்றன. நிறம் மாறுவது அந்த வேலையின் அடையாளம். முதலில் சிவப்பு, ஓரிரு நாளில் ஊதா அல்லது கருநீலம். ஹீமோகுளோபின் உடையும்போது முதலில் பிலிவெர்டின் என்ற பச்சைப் பொருள் உண்டாகிறது. பிறகு அது பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாக மாறுகிறது. காமாலையில் கண்ணை மஞ்சளாக்குவதும் இதே பிலிருபின்தான். கடைசியில் மிஞ்சும் இரும்புச்சத்து சில நாள் பழுப்பாகத் தெரியும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் எல்லாம் மறைந்துவிடும். காலில் பட்டது கொஞ்சம் கூடுதலாக இழுக்கும்.

நம்மில் பலருடைய தோல் நிறத்தில் இந்த வண்ணங்கள் படத்தில் காட்டுவதுபோல் பளிச்சென்று தெரியாது. என் மகனுக்கு முதல் நாள், அடிபட்ட வாழைப்பழத் தோல்போல, சுற்றியிருந்த நிறத்தைவிடக் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். அதனால் சன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, புறங்கையால் இரண்டு தொடையையும் மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்தேன். சூட்டிலும் இறுக்கத்திலும் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

அப்புறம் ஒரு வேலை செய்தேன். தடிப்பின் ஓரத்தைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் கோடு போட்டு, பக்கத்திலேயே 5.40 என்று நேரம் எழுதினேன். காசு செலவில்லாத இந்த வேலைதான் அந்த வாரம் முழுக்க எனக்கு உதவியது. மறுநாள் காலையில் கறுப்பு, கோட்டைத் தாண்டி இரண்டு விரல் அகலம் முழங்காலை நோக்கி இறங்கியிருந்தது. வீக்கமும் வலியும் கூடாமல் நிறம் மட்டும் இறங்கினால் பயப்பட வேண்டியதில்லை. கசிந்த ரத்தம் கீழ்நோக்கி வடிகிறது. நெற்றியில் பட்ட அடி இரண்டு நாள் கழித்துக் கண்ணுக்குக் கீழே கறுப்பாக வந்து நிற்பதும் இப்படித்தான்.

ஆக, சிந்திய ரத்தத்தைத் தோல் வழியாக வெளியே இழுக்கும் பற்று எதுவும் கிடையாது. துப்புரவு வேலையை உடம்புதான் செய்ய வேண்டும். நம்மால் முடிவது, முதல் சில மணி நேரத்தில் கசிவையும் வீக்கத்தையும் குறைப்பது, வலியைக் குறைப்பது, உடம்பு செய்யும் வேலைக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பது. கையில் இருக்கும் வழிகளை நான் இந்த மூன்றை வைத்துத்தான் எடை போடுகிறேன்.

முதல் நாளுக்கு ஐஸ்

"ஐஸை வச்சா ரத்தம் உறைஞ்சு அங்கனயே நின்னுரும்" என்பது அம்மாவின் பயம். இதே பயத்தைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். குளிர்ச்சி ரத்தத்தை உறையவைத்துக் கல்லாக்கிவிடுவதில்லை. அது ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. அதனால் கசிவு குறையும், அந்த இடம் மரத்துப்போய் வலியும் அடங்கும். உறைந்த ரத்தம் அங்கேயே தங்கிவிடுவதும் இல்லை. அதைத்தான் உடம்பு அடுத்த இரண்டு வாரத்தில் அகற்றப்போகிறது.

ஐஸைப் பற்றி அதிகமாக நம்பவும் வேண்டாம். ஓய்வு, ஐஸ், அழுத்தமான கட்டு, உயர்த்தி வைப்பது என்ற நான்கையும் சேர்த்து 'ரைஸ்' என்று 1978-இல் பெயர் வைத்தவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். உலகம் முழுக்க விளையாட்டுத் திடல்களில் அது பாடமானது. அவரே 2014-இல், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். வீக்கம் என்பது சேதத்தைச் சரிசெய்ய உடம்பு எடுக்கும் முதல் அடி, அதை முழுக்க அடக்கினால் பின்னால் வரும் வேலையும் தள்ளிப்போகும் என்பது அவர் வாதம். வலிக்காக முதல் சில மணி நேரத்தில் கொஞ்சம் வைத்துக்கொள்வதை அவரும் தடுக்கவில்லை. நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: ஐஸ் முதல் நாளுக்கு நல்லது, வலி இருந்தால் இரண்டாம் நாளுக்கும். வாரம் முழுக்க வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வைக்கும் முறைதான் முக்கியம். ஐஸ் கட்டியை அப்படியே தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். சூட்டில் வேகிற மாதிரியே குளிரிலும் வேகும். எங்கள் வீட்டில் ஐஸ் பை கிடையாது. ஃப்ரீசரில் இருந்த பால் பாக்கெட்டைப் பழைய பனியன் துணியில் சுற்றி வைத்தேன். ஐஸ் கட்டியைப்போலக் குத்தாமல், பாதி இளகிய பால் தொடையின் வளைவோடு ஒட்டி உட்கார்ந்தது. பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 15 நிமிடம், மிஞ்சினால் 20. சின்னப் பிள்ளைகளுக்கு 10 போதும். எடுத்தபின் தோல் பழைய சூட்டுக்கு வந்த பிறகே அடுத்த தடவை, இரண்டு மூன்று மணி நேர இடைவெளியில். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் போட்டு, ஃபேனைச் சுழல விட்டாலும் ஓரளவு குளிரும்.

சர்க்கரை வியாதியால் கால் மரத்துப்போனவர்களுக்கு ஐஸ் வேண்டாம், சூடும் வேண்டாம். எவ்வளவு குளிர்கிறது, எவ்வளவு சுடுகிறது என்று சொல்ல அந்தக் காலுக்குத் தெரியாது.

ஐஸோடு கூடவே செய்ய வேண்டியது உயர்த்தி வைப்பது. நெஞ்சு மட்டத்துக்கு மேலே கை காலைத் தலையணையில் தூக்கி வைத்தாலே வீக்கம் ஓரளவு குறையும். க்ரேப் பேண்டேஜ் சுற்றுவதாக இருந்தால், சுற்றிய பிறகு கட்டுக்குக் கீழே உள்ள விரல் நகத்தை அழுத்தி விட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். விரல் மரத்தாலோ குளிர்ந்தாலோ கட்டு இறுகிவிட்டது என்று அர்த்தம், உடனே அவிழ்த்துவிட வேண்டும்.

உருவி விடுவது

நான் அடித்துச் சொல்லி வேண்டாம் என்பது இதை மட்டும்தான். முதல் மூன்று நாளில் அடிபட்ட இடத்தைத் தேய்ப்பது, உருவுவது, சுளுக்கு எடுப்பது எதுவும் கூடாது. உறைந்து மூடிய குழாய் வாய்களை மறுபடி திறந்துவிடும் வேலை அது. தொடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பெரிய அடி விழுந்த தொடைச் சதையை ஆரம்பத்திலேயே அழுத்தி உருவினால், சில வாரம் கழித்துச் சதைக்குள்ளேயே எலும்புபோல் கெட்டியாக வளரும் நிலை சிலருக்கு வரும். முழங்காலை மடக்க முடியாமல் பிள்ளைகள் மாதக்கணக்கில் விளையாட்டை விட்டு உட்கார நேரும்.

"காலை நீட்டு" என்று என் கணவர் சொன்னதும் தலைகீழ்தான். முன்தொடையில் அடிபட்டால் முதல் 24 மணி நேரம் முழங்காலை வலி பொறுக்கும் அளவுக்கு மடக்கி வைப்பது விளையாட்டு மருத்துவர்களின் பழக்கம். நீட்டியே வைத்தால் முன்தொடைச் சதை சுருங்கிய நிலையிலேயே இறுகிவிடும். முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணையை அடுக்கி, மடங்கினாற்போல் படுக்கவைத்தோம். மறுநாள் கட்டிலை விட்டு இறங்கும்போது நொண்டினான், ஆனால் குந்தி உட்கார முடிந்தது.

குழந்தை விழுந்து மண்டை புடைத்துக்கொண்டால் உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பதும் இதே கணக்கில்தான் வரும். தேய்க்க வேண்டாம். குளிர்ந்த துணியை வைத்துப் பிடித்தால் போதும்.

புளிப்பற்றும் மற்ற பற்றுகளும்

அம்மாவின் புளிப்பற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது வெறும் மூடநம்பிக்கை இல்லை. ஒரு எலுமிச்சை அளவு பழைய புளியைக் கெட்டியாகக் கரைத்து, கோது எடுத்து, ஒரு கை கல்லுப்பைப் போட்டு இரும்புக் கரண்டியில் காய்ச்சுவார். மஞ்சள்தூள் கடைசியில். சலசலவென்று கொதித்து, அல்வாப் பதத்தில் கரண்டியோடு ஒட்டாமல் சுருண்டு வரும்போது இறக்கி, தன் முன்கையில் ஒரு பொட்டு வைத்துப் பார்ப்பார். சூடு பொறுக்கும் என்று தெரிந்த பிறகுதான் பேரன் காலுக்குப் போகும். அரை மணி நேரத்தில் அது காய்ந்து தோலை இழுத்துப் பிடிக்கும். "ஆச்சி, கால அசைக்க முடியல" என்றான் மகன். "அசைக்கக் கூடாதுன்னுதான போட்டிருக்கு" என்றார்.

எனக்குத் தெரிந்தவரை அந்த பதிலில்தான் பற்றின் வேலை முழுக்க இருக்கிறது. ஒன்று, இதமான சூடு. இன்னொன்று, காய்ந்த பற்று அசையவிடாமல் பிடித்து வைப்பது. உப்பும் புளியும் கிழியாத தோலைத் தாண்டி உள்ளே போய் ரத்தத்தை உறிஞ்சி எடுப்பதில்லை. சூடும் ஓய்வும் நல்லவைதான், ஆனால் சூட்டுக்கு ஒரு நேரம் உண்டு. முதல் இரண்டு நாளில் சூடு வைத்தால் ரத்தக்குழாய் விரிந்து கசிவு கூடும். 48 மணி நேரம் கழிந்து, தடிப்பு வடிய ஆரம்பித்த பிறகு அதே சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டி, இறுகிய சதையைத் தளர்த்தும். அம்மா ஞாயிறு சாயங்காலமே போட வந்த பற்றை, கெஞ்சிக் கேட்டு புதன்கிழமைக்குத் தள்ளிவைத்தேன். புதன்கிழமை போட்டது அவனுக்கு நிஜமாகவே சுகமாக இருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

வெந்நீர் ஒத்தடம், தவிட்டு ஒத்தடம், உப்பை வறுத்துத் துணியில் முடிந்து வைக்கும் ஒத்தடம், நொச்சி இலையை வதக்கிக் கட்டுவது எல்லாம் இதே குடும்பம். சித்த மருத்துவத்தில் புற மருந்துகள் 32. அந்த வரிசை கட்டு, பற்று, ஒற்றடம் என்றுதான் தொடங்குகிறது. இவற்றில் எதைத் தேர்ந்தாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பற்றைவிட வெந்நீர் ஒத்தடத்தை நான் ஒரு படி மேலே வைப்பேன். சூட்டை நொடிக்கு நொடி பார்த்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் துணியை எடுத்துவிடலாம். கொதிக்கக் கொதிக்க அப்பிய புளி தோலோடு ஒட்டிக்கொண்டு சுடும், சட்டென்று எடுக்க வராது. வெந்த கொப்புளம் ஊமைக்காயத்தைவிடப் பெரிய தொல்லை.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. வீக்கத்தைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டு என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. மேலே தடவும் மஞ்சள் உள்ளே சதை வரை எவ்வளவு போகும் என்பது வேறு கேள்வி, மஞ்சளில் உள்ள குர்குமின் சுலபமாக உள்ளே இறங்கும் பொருள் இல்லை. என் குறை அதைவிடச் சாதாரணமானது. மஞ்சள் அப்பிய தோலில் நிறம் எப்படி மாறுகிறது என்று பார்க்க முடியாது, போட்ட பேனாக் கோடும் மறைந்துவிடும். அதனால் புதன்கிழமைப் பற்றில் மஞ்சளைச் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

நாட்டு மருந்துக்கடையில் ரத்தக்கட்டு என்றால் எடுத்துக் கொடுப்பது மூசாம்பரம். கரியபோளம் என்றும் சொல்வார்கள். கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி இறுக்கிய, கண்ணாடித் துண்டுபோல் மினுங்கும் கறுப்புக் கட்டி. தண்ணீர் விட்டு உரைத்து, லேசாகச் சூடாக்கிப் போடுவார்கள். சிலர் முட்டையின் வெள்ளைக்கருவில் குழைப்பார்கள். புளிப்பற்றைப்போல இதுவும் காய்ந்து இறுகும், அதே பலன். ஆனால் வயிற்றுக்குள் போனால் கடுமையான பேதி மருந்து அது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் உரைத்த கிண்ணத்தை எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. தோலில் சின்னச் சிராய்ப்பு இருந்தாலும் எந்தப் பற்றும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, டிடி ஊசி போட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று பார்ப்பதுதான் அங்கே வேலை.

தைலம், ஜெல், மாத்திரை

தைலமும் பாமும் தோலை எரியவைத்து, அந்த எரிச்சலில் வலியை மறக்கச் செய்பவை. ரத்தக்கட்டை அவை கரைப்பதில்லை. தேய்த்துப் பூச வேண்டியிருப்பதால் முதல் நாட்களில் நான் விலக்கிவிடுவேன். கற்பூரம் கலந்தவற்றைச் சின்னக் குழந்தைகளுக்குப் பூசவே வேண்டாம், கற்பூரம் வாய்க்குள் போனால் வலிப்பு வரலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வின்டர்கிரீன் வாசனை அடிக்கும் களிம்புகளிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். அவற்றில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட் தோல் வழியே உள்ளே போய் வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டும், ரத்தம் உறைவது இன்னும் தாமதமாகும்.

வலி நிவாரண ஜெல்களில் டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்குச் சான்று நன்றாகவே இருக்கிறது. சுளுக்கு, தசை அடி போன்ற திடீர் வலிகளுக்கு இது வேலை செய்கிறது என்று பல சோதனைகளைச் சேர்த்து அலசி 2015-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. மாத்திரையாகச் சாப்பிடும்போது வரும் வயிற்றுத் தொல்லை இதில் குறைவு. அழுத்தாமல் மேலாகத் தடவினால் போதும். ரத்தக்கட்டு சீக்கிரம் மறைய என்று, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் கலந்த களிம்பும் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். எப்படியும் இரண்டு வாரத்தில் மறையப்போகிற ஒன்றுக்கு டாக்டர் எழுதித் தராமல் நான் அதை வாங்க மாட்டேன். ஹோமியோபதி ஆர்னிகா உருண்டைகளுக்கு வெற்று மாத்திரையைவிடக் கூடுதல் பலன் நிரூபணமாகவில்லை.

சாப்பிடுவது என்றால் பாராசிட்டமால்தான் என் தேர்வு. பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் ஒன்றோ இரண்டோ, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு 8-ஐத் தாண்டாமல். எடை குறைந்தவர்களும் ஈரல் தொல்லை உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஐபுப்ரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளும் வலியைக் கேட்கும். ஆனால் ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகளின் (பிளேட்லெட்) வேலையைக் குறைக்கும். கசிவு நிற்க வேண்டிய முதல் நாளில் எனக்கு அது வேண்டாத வேலை. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

அம்மாவின் கை

மகனுக்குச் செய்த கணக்கு அம்மாவுக்குப் பொருந்தாது என்பதை நான் கஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், தினமும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறார். போன வருடம் கதவுத் தாழ்ப்பாளில் முன்கை இடித்துக்கொண்டது. சின்ன இடி, அவரே சட்டை செய்யவில்லை. மறுநாள் காலையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கத்திரிக்காய் நிறம்.

இரண்டு தப்பு நடந்தது. பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் "அடிபட்ட வலி" என்று மட்டும் சொல்லி ஒரு மாத்திரை வாங்கி வந்தேன். என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது டைக்ளோஃபெனாக். ஏற்கெனவே ரத்தம் உறைவதைத் தடுக்கும் இரண்டு மாத்திரையோடு மூன்றாவதாக இது சேர்ந்தால், வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியலாம் என்று அவருடைய டாக்டர் பிறகு சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கியது. நல்லவேளை, ஒன்றுதான் சாப்பிட்டிருந்தார்.

இரண்டாவது தப்பு, பற்று. மூன்றாம் நாள்தான் போட்டோம், சூடும் அளவாகத்தான் இருந்தது. ஆனால் காய்ந்த புளியை உரித்து எடுக்கும்போது ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோலும் கூடவே வந்துவிட்டது. வயதானவர்களின் முன்கைத் தோல் வெங்காயச் சருகுபோல் ஆகியிருக்கும். அந்தப் புண் ஆற ரத்தக்கட்டை விட அதிக நாள் பிடித்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் வயதானவர் கைக்குப் பற்றும் கிடையாது, ஒட்டும் பிளாஸ்திரியும் கிடையாது.

இப்படிப்பட்டவர்களுக்கு இடித்த உடனே செய்ய வேண்டியது, சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால் 10, 15 நிமிடம் விடாமல் மெதுவாக அழுத்திப் பிடிப்பது. எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைப்பது. துணியை இரண்டு மடிப்பாக்கி, அதற்கு மேல் 10 நிமிடம் மட்டும் குளிர்ச்சி. கன்றுகிறதே என்று இதய மாத்திரையை நாமாக நிறுத்திவிடக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்வது கை கறுப்பதைவிடப் பல மடங்கு ஆபத்து. பேனாக் கோடு இவர்களுக்கு இன்னும் அவசியம். வீக்கத்தோடு கோட்டைத் தாண்டிப் பரவிக்கொண்டே போனால் காத்திருக்கக் கூடாது.

வீட்டு வைத்தியமே வேண்டாம் என்ற இடங்கள்

தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம் இருந்தால் ஐஸும் பற்றும் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. இரண்டு கண்ணைச் சுற்றியும் அல்லது காதுக்குப் பின்னால் கறுத்தால், மண்டை எலும்பின் அடிப்பகுதியில் விரிசல் இருக்கலாம். சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திய பிள்ளைக்கு மேலே ஒரு சின்ன வட்டம்தான் தெரியும், உள்ளே மண்ணீரலோ ஈரலோ கிழிந்திருக்கலாம். வயிற்று அடியை நான் ஒருபோதும் வீட்டில் வைத்துப் பார்க்க மாட்டேன். காலை ஊன்ற முடியாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கை கால் சதை கல்போல் இறுகி, நேரம் ஆக ஆக வலி கூடி, விரலை நீட்டினாலே உயிர் போகிற மாதிரி இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. சதைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகும் நிலை அது, சில மணி நேரத்தில் சதை செத்துவிடும்.

தவழக்கூடத் தொடங்காத குழந்தையின் உடம்பில் கன்றல் இருந்தால், சின்னதாக இருந்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும்.

அடியே படாமல் கன்றுவது தனிக் கதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு பரவும் நேரத்தில் காய்ச்சலோடு தோலில் சிவப்புப் புள்ளிகளோ கறுப்புத் திட்டுகளோ வந்தால், ஈறில் ரத்தம் கசிந்தால், ரத்தத்தட்டு எண்ணிக்கையைப் பார்க்காமல் ஒரு நாளும் தள்ளக் கூடாது. அந்தக் காய்ச்சலில் ஐபுப்ரூஃபனும் ஆஸ்பிரினும் தொடவே கூடாது. காய்ச்சல் இல்லாமலே வாரம் தவறாமல் புதுப்புதுத் திட்டுகள் வந்தாலும் ரத்த அணுக்கள், உறையும் நேரம், ஈரல் எல்லாவற்றையும் பார்த்துவிடுவது நல்லது.

அம்மாவுக்கு அப்படித்தான் பார்த்தோம். டாக்டர் அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் முன்கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வயதில் தோல் மெலிந்ததும் மாத்திரையும் சேர்ந்துதான் இது, வேறு ஒன்றும் இல்லை என்றார். இப்போது பஸ்ஸில் போகும்போது முழுக்கை ரவிக்கைதான் போட்டுக்கொள்கிறார். கதவுத் தாழ்ப்பாளின் முனையில் மகன் பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றி வைத்திருக்கிறான்.